நோயும் கையிருப்பும்



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வழங்கிவரும் பழமொழி. அதைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் இன்னோர் உண்மையும் புலப்படும். செல்வம் குறைந்த இடத்தில் நோயற்ற வாழ்வும் அரிதாகிவிடுகிறது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. இவை கூடினால் மருத்துவம் நிறைவுறும் என்பது அவர் கண்ட முறை. இன்று மருத்துவமனை வாயிலில் வந்து நிற்பவனிடம் ஐந்தாவதாக ஒன்று கேட்கப்படுகிறது. அது பணம். ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவனிடம் ஆறாவதாகவும் ஒன்று கேட்கப்படுகிறது. அது அவன் எவ்விடத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்று காட்டும் அட்டை. முதல் நான்கும் எட்டும் தொலைவில் இருக்க, பின்னிரண்டும் இல்லாத அச்சத்தால் ஒருவர் தம் உடலுறுப்பை இழந்ததை நாம் அண்மையில் கண்டோம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பெங்களூரில் தமிழர் வாழ்வு நேற்றுத் தோன்றியதன்று. 1809-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் இங்குப் படைப்பாளையம் அமைத்தபோது, அவர்களைத் தொடர்ந்து சென்னை மாகாணத்துத் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ்க் குரல் கேட்பது அதனால்தான். பின்னர் ஆலைகளுக்கும் இரயில்வேக்கும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்கும் வேலை தேடி வந்தோர் பல்லாயிரவர். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி கர்நாடக மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இவர்களுள் நம்மைப் போல் மாதச் சம்பளம் பெறுவோர் ஒரு பகுதியினர். கட்டடம் கட்டுவோர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்போர், வீட்டு வேலை செய்வோர், இரவுக் காவலர், துணி தேய்ப்போர் ஆகியோர் மற்றொரு பகுதியினர். முதற்பகுதியினருக்கு நோய் ஒரு துன்பம். மற்றவர்களுக்கு அது துன்பத்தோடு கடனும் ஆகும்.

இந்நகரம் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமுள்ள ஊரும் அன்று. தமிழர் மிகுந்து வாழ்ந்த பாளையப் பகுதியில் பவுரிங் மருத்துவமனை 1860-களிலேயே எழுந்தது. கோட்டைப் பகுதியில் 1897-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விக்டோரியா மருத்துவமனை 1900-இல் திறக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வாணி விலாஸ் மருத்துவமனை 1935-இல் வந்தது. புற்றுநோய்க்குக் கித்வாய் நிலையமும், இதய நோய்க்கு ஜெயதேவா நிலையமும், மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் நிம்ஹான்ஸ் நிறுவனமும் பின்னர் வளர்ந்தன. தனியார் மருத்துவமனைகளைச் சொல்லவே வேண்டியதில்லை. சிகிச்சைக்கென்றே அயல்நாட்டார் இங்கு வருகின்றனர். ஆனால் தெருமுனையில் இருப்பவர் வருகிறாரா என்பதுதான் கேள்வி.

நாம் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு புங்க மரம் உண்டு. அதன் நிழலில் தள்ளுவண்டியை நிறுத்தி, கரிப்பெட்டியால் துணி தேய்த்துக் கொடுக்கிறார் ஒரு பெரியவர். திருப்பத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பெங்களூருக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. மனைவியும் அவருடன் நின்று துணிகளை மடித்து அடுக்கிக் கொடுப்பார். மகன் ஊரிலேயே இருப்பதால் குடும்ப அட்டையும் ஊரிலேயே இருக்கிறது. பெரியவருக்கு எட்டாண்டுகளாகச் சர்க்கரை நோய். கையில் காசு இருக்கும் வாரத்தில் மாத்திரை வாங்குவார். இல்லாத வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவார்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், பெட்டியிலிருந்து தெறித்த கரிக்கங்கு ஒன்று அவருடைய இடக்காலில் விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைக் கண்டார். சர்க்கரை மிகுந்து பல்லாண்டு ஆனவர்களுக்குக் காலிலுள்ள நரம்புகள் உணர்ச்சி குன்றிவிடும். இரத்த ஓட்டமும் குறையும். ஆகவே புண் வலிக்காது, எளிதில் ஆறவும் ஆறாது. வலியில்லாத புண் கவலையில்லாத புண் என்று அவர் எண்ணிவிட்டார். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவினார். பத்து நாள் கழித்து மருந்துக் கடையில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கினார். அவர் நொண்டி நடப்பதை நாமும் பார்த்தோம். "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி இருநூறு ரூபாயும் கொடுத்தோம். கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று எண்ணி அலுவலகம் போய்விட்டோம். அவர் அந்தப் பணத்தில் களிம்பு வாங்கிக்கொண்டார்.

நான்காவது வாரம் கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில், படுக்கை கொடுப்பதற்கு முன்பே முப்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கப்பட்டது. ஐந்து நாட்களில் கையிருந்ததும் கடன்பட்டதும் தீர்ந்தன. ஆறாம் நாள், சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போவதாகக் கையெழுத்திட்டு வெளியே வந்தார்கள். அன்றிரவு அந்த அம்மாள் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். நம் இல்லாளிடம் அவர் பணம் கேட்கவில்லை. "அம்மா, எங்க கார்டு ஊரில இருக்குது. அதை வச்சுக்கிட்டு இங்க தருமாஸ்பத்திரிக்குப் போனா சேர்த்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரவோடு இரவாக ஓர் ஆட்டோவில் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காலைப் பார்த்தவுடன் சேர்த்துக்கொண்டார்கள். அட்டையைப் பற்றி மறுநாள்தான் கேட்டார்கள். மூன்றாம் நாள் பாதத்தின் முன்பகுதியை நீக்கவேண்டி வந்தது. இளவயது மருத்துவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "இருபது நாள் முன்னால் வந்திருந்தால் புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்து அனுப்பியிருப்போம்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அதனாலேயே அந்தச் சொல் நம்மை மிகவும் வருத்திற்று.

இங்கே நம் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். மத்திய அரசு ஊழியர்களுக்கென 1954-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற சுகாதாரத் திட்டத்தின் அட்டை நம் சட்டைப்பையில் இருக்கிறது. மக்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய அறிவிப்பு ஒன்றை அந்த ஆண்டிலேயே நாம் தமிழாக்கினோம். தகுதியுடைய பயனாளி, இணைவுபெற்ற மருத்துவமனை என்றெல்லாம் சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கோத்தோம். பெரியவர் தேறி வந்தபின் அந்தத் தாளை அவரிடம் கொடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பயனாளின்னு போட்டிருக்குதே, அது நான்தானுங்களா சார்?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. அந்தத் தாள் நம் மேசைமேல் இருந்தது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர் நம் தெருமுனையில் இருந்தார். இடையே இருந்த இருநூறு அடித் தூரத்தை நாம் கடக்கவில்லை.

அவர் ஏன் காலம் தாழ்த்தினார்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அவர் போட்ட கணக்கை அவரிடமே கேட்டறிந்தோம். மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் முழுவதும் வண்டி நிற்கும். துணை போகும் மனைவியின் உழைப்பும் நிற்கும். போகவர ஆட்டோவுக்குக் கொடுக்கவேண்டும். ஒரு பரிசோதனைக்கு ஒருநாள், அதன் முடிவைக் காட்ட மறுநாள், கட்டு மாற்ற இன்னொருநாள். மருத்துவர் இலவசமாகப் பார்த்தாலும் நாள் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கும் மேலே, உள்ளூர் அட்டை இல்லாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. கன்னடத்தில் கேட்டால் நோயின் விவரத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதே என்ற கூச்சம் வேறு. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, புண் தானே ஆறிவிடும் என்ற நம்பிக்கையை அவர் மேற்கொண்டார். அன்றாடம் உழைத்து உண்பவனுக்கு அது மடமையன்று. அன்றைக்கு அவனால் இயன்ற சிக்கனம் அது. அந்தச் சிக்கனமே முடிவில் பெருஞ்செலவாயிற்று.

பணமில்லை என்ற காரணத்தால் ஒருவனுக்குப் போதிய மருத்துவம் கிட்டாமற் போகக்கூடாது என்பது இன்று புதிதாகச் சொல்லப்படும் கருத்தன்று. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1946-இல் தந்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கைகளுள் அது ஒன்று. அக்குழுவில் நம் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினராக இருந்தார். 1959-இல் அவர் தலைமையிலேயே மற்றொரு குழு அமைந்து, செய்தது என்ன, செய்யவேண்டியது என்ன என்று ஆராய்ந்தது. பிரிட்டனில் 1948-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நோயுற்ற வேளையில் பணம் கேளாத தேசிய மருத்துவப் பணி தொடங்கிற்று. ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு நாடுகளும் ஒரே எண்ணத்தை எண்ணின. அங்கு வரிப்பணம் அதற்குத் துணை நின்றது. இங்கு நெடுங்காலம் நோயாளியின் மடிப்பணமே துணையாக நின்றது. நம் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுத்த பங்கு 2013-14-இல் நூற்றுக்கு 64.2 என்றும், 2021-22-இல் அது 39.4-ஆகக் குறைந்தது என்றும் தேசிய சுகாதாரக் கணக்கு தெரிவிக்கிறது. முன்னேற்றந்தான். ஆயினும் நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் தோட்டிலிருந்தும் தாலியிலிருந்தும் வட்டிக் கடனிலிருந்தும் வரக்கூடுமாயின் அது சிறு தொகையன்று.

கூடிச் சேர்த்தால் சுமை குறையும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2003-இல் நடைமுறைக்கு வந்த யசஸ்வினி திட்டத்தில், கூட்டுறவுச் சங்க உழவர் ஒருவர் ஆண்டுக்கு 60 ரூபாய் கட்டினார். மாதத்துக்கு ஐந்து ரூபாய். அரசும் ஒரு பங்கு கொடுத்தது. இலட்சக்கணக்கானோர் கட்டும்போது, அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர் அவர்களுள் சிலரே. பலருடைய சிறுதொகை அச்சிலருடைய பெருஞ்செலவைத் தாங்கிற்று. காப்பீடு என்பதன் உட்பொருள் இவ்வளவே. நம் கிராமத்துச் சீட்டையும் மொய்யையும் அறிந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று.

2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. கர்நாடகம் அதைத் தன் ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தோடு இணைத்துக்கொண்டது. தகுதியான குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்பது அதன் அமைப்பு. ஆனால் மாநிலத் திட்டத்தில் அந்தத் தகுதியைக் காட்டுவது உள்ளூர்க் குடும்ப அட்டை. பெரியவரிடம் இருந்ததோ தமிழ்நாட்டு அட்டை. அவருடைய ஊரில் 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், சர்க்கரை நோயாளியின் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. இவர் வாசலோ மாநில எல்லைக்கு இப்பால் இருக்கிறது. ஊரில் உரிமை, இங்கே உழைப்பு என்று அவர் வாழ்வு இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

ஆயினும் இப்பாலும் கதவுகள் உண்டு. அவற்றைச் சொல்லிவிடுவது நம் கடன். முதலாவது, அரசு மருத்துவமனை. வெளியூர் அட்டை என்பதற்காக நோயாளியை ஒதுக்குவது அதன் முறையன்று. கட்டணச் சலுகைக்கே அட்டை வேண்டும், சேர்க்கைக்கு நோயே போதும். இரண்டாவது, 2022 டிசம்பரில் தொடங்கப்பெற்ற நம்ம கிளினிக் என்னும் சிறு மருத்துவ நிலையங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மருந்து கொடுப்பது இவற்றின் அன்றாடப் பணி. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தபின்புதான் துணைக்கு வரும். படுக்காமல் காப்பது இத்தகைய சிறு நிலையமே. மூன்றாவது, 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகத் திட்டம். அங்கு நிறுவனப் பெயரின்றி மருந்தின் பொதுப்பெயரில் விற்கப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன.

நான்காவது, தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது இது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஊதிய வரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019-இல் வகுத்தபடி தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். இதில் எந்த மாநிலத்து அட்டை என்ற கேள்வியே எழுவதில்லை. தையல் ஆலையில் வேலை செய்யும் சகோதரிகளும், காவல் வேலை செய்யும் சகோதரர்களும் தம் சம்பளச் சீட்டில் இப்பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிடித்தம் இருந்தால் காப்பீட்டு எண்ணைக் கேட்டுப் பெறவேண்டும். அது முதலாளி காட்டும் தயவன்று.

ஐந்தாவதாக ஒன்று. ஊரிலுள்ள குடும்பம் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருக்குமாயின், அந்த உரிமை மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. நாடெங்கும் அத்திட்டத்தோடு இணைந்த மருத்துவமனைகளில் அது செல்லும். பெயர் உண்டா என்று 14555 என்ற எண்ணில் கேட்டறியலாம். இதை நோய் வந்தபின் கேட்பதைவிட, நல்ல நாளில் கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

அவசர வேளையில் சட்டமும் துணை நிற்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே மற்ற நடைமுறைகள் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் இக்கடமை பொது. 1992-இல் மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லையென்றும் வசதி இல்லையென்றும் கூறி அரசு மருத்துவமனைகள் பல திருப்பியனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் தம் பணத்தைச் செலவிட்டுப் பிழைத்தார். அவ்வழக்கில் 1996-இல் தீர்ப்புக் கூறிய உச்ச நீதிமன்றம், உரிய வேளையில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கச் செய்தது. கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கட்ட வற்புறுத்தலாகாது என்கிறது. பெங்களூரின் ஜெயதேவா இதய நிலையமோ, முதலில் சிகிச்சை பிறகு பணம் என்பதையே தன் வழக்கமாக்கிக் காட்டிற்று. சட்டம் சொல்வதை ஒரு பெரிய மருத்துவமனை நாள்தோறும் நடத்திக் காட்டமுடியும் என்பதற்கு அது சான்று.

சட்டமும் திட்டமும் இருக்கின்றன. அவற்றுக்கும் தெருமுனைக்கும் இடையே இன்னும் தூரம் இருக்கிறது. அதை அரசு குறைக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. நியாயவிலைக் கடை அரிசி தொழிலாளியின் பின்னே மாநிலம் கடந்து வர வழி செய்தாயிற்று. மருந்தும் அவ்வாறே வரவேண்டும் என்று கேட்பது முறையான கேள்வியே. ஆனால் அதுவரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. வெளிமாநிலங்களில் தமிழ்ச் சங்கங்கள் பல உள்ளன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் அதே மண்டபத்தில், மாதம் ஒரு ஞாயிறு காலை நான்கு பேர் உட்கார்ந்து, வருவோரின் அட்டைகளைப் பார்த்து, யாருக்கு எந்தக் கதவு என்று சொல்லலாம். உள்ளூர் மொழி தெரிந்த ஒருவர் மருத்துவமனைக்குத் துணை போகலாம். வள்ளுவர் நான்காவதாகச் சொன்ன, அருகிலிருந்து பேணுபவரின் பணி அயலூரில் இதுவே.

படித்த குடும்பம் ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்றாலும் போதும். வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளிடமோ, வாசலில் நிற்கும் காவலரிடமோ மூன்று கேள்விகள் கேட்கலாம். சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? அட்டை எங்கே இருக்கிறது? நோய் வந்தால் முதலில் எங்கே போவீர்கள்? இருநூறு ரூபாயைவிட இம்மூன்று கேள்விகள் மிகுதியாக உதவும். இதை நாம் அனுபவத்தால் சொல்கிறோம்.

பெரியவர் மீண்டும் புங்க மரத்தடிக்கு வந்துவிட்டார். நிற்க இயலாதாகையால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து தேய்க்கிறார். பாதி நாள் அவர், பாதி நாள் அவர் மனைவி. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. சர்க்கரை மாத்திரை மட்டும் இப்போது அருகிலுள்ள நிலையத்திலிருந்து தவறாமல் வருகிறது. அந்த அறிவிப்பை நாம் மறுபடியும் தமிழில் எழுதினோம். பயனாளி என்ற சொல்லை நீக்கிவிட்டு, இன்ன அட்டை வைத்திருப்பவர், இன்ன வேலை செய்பவர், இன்ன இடத்துக்கு இன்ன தாளோடு போகவேண்டும் என்று அவருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுத்தோம். அதை அவர் வண்டியின் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார். துணி கொண்டுவரும் வேலைக்காரப் பெண்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் அவரிடமே ஐயம் கேட்கிறார்கள். அவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்.

அவர் காலைத் திருப்பித் தர நம்மால் இயலாது. அடுத்தவர் இருபது நாள் முன்னதாகப் போய்ச் சேர வழிகாட்ட இயலும்.